கருவாட்டுக் கூடையும் ஒரு சீமைப் புடவையும்

நீங்க புதுச்சேரி - விழுப்புரம் பாசஞ்சரில் போயிருக்கீங்களா? மொத்தம் 38 கிலோமீட்டர்தான். காதில் பாட்டை மாட்டிக்கிட்டா வளவனூர் வந்ததே தெரியாது. நானும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன், போன மாதம் ஆயாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் வரை.

பெட்டிக்குள் ஒரு ரயில்வே போலீஸ்காரர் நடந்து வந்தார். யாரையும் எதுவும் கேட்கவில்லை. ஆயா மட்டும் மடியிலிருந்த பையைத் திறந்து, அவருக்குத் தெரிகிற மாதிரி விரித்துப் பிடித்தது. உள்ளே ஒரு துண்டு, மாத்திரை டப்பா, இரண்டு வாழைப்பழம். "மூடிக்குங்க பாட்டி" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். எனக்கு மானம் போன மாதிரி இருந்தது. "ஏன் ஆயா இப்படிப் பண்றே?" என்று சிடுசிடுத்தேன்.

"பழக்கம்டா கண்ணு" என்றது. அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தது.

ஆயா பிறந்து வளர்ந்தது குருசுக்குப்பம். குருசு என்றால் சிலுவை; குப்பம், மீனவர் குடியிருப்பு. ஊரின் வடக்கே கடலோரம் குப்பம், தெற்கே ஸ்டேஷன். விடியும் முன்னாடி ஆயாவின் அம்மா கருவாட்டுக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அவ்வளவு தூரமும் நடப்பாராம். பின்னாலேயே பத்து வயசு ஆயா. 1879-இல் போட்ட மீட்டர் கேஜ் பாதை, கரி இன்ஜின். இறங்குவது வளவனூரில்.

இதில் என்ன இருக்கு என்கிறீர்களா? அந்த ரயில் தினமும் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போனது. 1947-இல் இந்தியாவுக்குச் சுதந்திரம் வந்தபோதும் பாண்டி பிரெஞ்சுக்காரர்களிடமே இருந்தது. 1948-இல் சென்னை மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்தது. பாண்டியில் சாராயம் தாராளம். 1949-இல் இரண்டு பக்கத்துக்கும் இருந்த சுங்க ஒப்பந்தமும் முடிந்தது. வில்லியனூர் தாண்டி எல்லை வந்தால் சோதனை. பாட்டில் இருக்கான்னு கருவாட்டுக் கூடைக்குள் கம்பியை விட்டுக் குத்திப் பார்ப்பார்களாம்.

1952. பாண்டியின் பழைய கடல் பாலம் புயலில் உடைந்த வருஷம். ஆயாவின் அக்காவுக்கு வளவனூரில் மாப்பிள்ளை. கல்யாணப் புடவை பாண்டியில் மலிவாக வாங்கிய சீமைப் புடவை. அதற்கு வரி கட்டுகிற நிலையில் வீடு இல்லை. அம்மா அதைத் துணியில் சுற்றி, கூடையின் அடியில் வைத்து, மேலே கருவாட்டைப் பரப்பிவிட்டார்.

அன்றைக்குப் பார்த்து சோதனைக்காரர் அம்மாவை விட்டுவிட்டு ஆயாவிடம் குனிந்து, "உள்ள என்னாம்மா?" என்று கேட்டிருக்கிறார்.

"கருவாடுங்க."

கம்பி ஒரு ஓரமாக இறங்கி, புடவையைத் தொடாமல் வெளியே வந்தது.

"அன்னிக்கு நான் சொன்னது பொய்யும் இல்ல, நெசமும் இல்ல" என்றது ஆயா. "அப்புறம் எவன் கேட்டாலும், கேக்காட்டியும், நானே தொறந்து காட்டிடுவேன். அக்கா தாலி வாங்குறப்பகூட அந்தப் புடவையில கருவாட்டு நாத்தம் போவல."

1954 அக்டோபர் 18-இல் கீழூரில் வாக்கெடுப்பு. 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு சேரலாம் என்றார்கள். நவம்பர் 1 முதல் பாண்டி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. இதெல்லாம் நான் பரீட்சைக்குப் படித்த தேதிகள்தான். ஆயாவுக்குத் தேதி தெரியாது. "கூடையக் குத்தறத நிறுத்துனாங்களே, அந்த வருஷமா?" என்று என்னையே திருப்பிக் கேட்டது.

எல்லை போய் எழுபது வருஷம் ஆச்சு. பாதையும் அகலப்பாதை ஆகிவிட்டது. ஜன்னல் வழியே பார்த்தால் கோடு எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. ஆயாவின் கைக்கு மட்டும் அது இன்னும் தெரிகிறது.

உங்க வீட்டுப் பெரியவர்களிடமும் இப்படி ஒரு 'பழக்கம்' இருக்கும். நாமும் மீம் போட்டுச் சிரித்திருப்போம். நான் அன்றைக்கு "ஏன்" என்று கேட்டது தெரிந்துகொள்ள இல்லை, எரிச்சலில். அதற்கே இவ்வளவு கிடைத்தது. நீங்க கொஞ்சம் பொறுமையாகக் கேட்டுப் பாருங்க.

விழுப்புரம் வந்ததும் ஆயாவின் பையை நான்தான் வாங்கிக்கொண்டேன். ஜிப்பை மூடவில்லை.