தானாக இறங்கும் விமானமும் போகிப் புகையும்

வடகிழக்குக் காற்று அடிக்கிற மழைக்காலத்தில், அனகாபுத்தூர் பக்கமாக மீனம்பாக்கத்துக்குத் தாழ்ந்து வரும் விமானங்களைப் பார்த்திருப்பீர்கள். எல்லாம் ஒரே கோட்டில், கயிறு கட்டி இறக்குவது போல வரும். அந்தக் கயிறுக்குப் பெயர் ஐ.எல்.எஸ்.

நம்ம எஃப்.எம். ரேடியோ முடிகிற 108 மெகாஹெர்ட்ஸில் இதன் லோக்கலைசர் ஆரம்பித்து 112 வரை போகிறது. ஓடுபாதையின் மறுமுனையைத் தாண்டி நிற்கும் ஏரியல் வரிசை, இறங்கி வருகிறவருக்கு இடப்பக்கம் 90 ஹெர்ட்ஸையும் வலப்பக்கம் 150 ஹெர்ட்ஸையும் தூக்கலாக அனுப்பும். இரண்டும் சமமானால் விமானம் நடுக்கோட்டில் இருக்கிறது என்று அர்த்தம். இதே வித்தையை மேலும் கீழுமாகச் செய்வது கிளைடு ஸ்லோப். சாய்வு 3 டிகிரி, அதாவது கிலோமீட்டருக்கு சுமார் 52 மீட்டர் இறக்கம். லேபில் நாம் கொட்டாவி விட்டுக்கொண்டே செய்கிற ஆம்ப்ளிட்யூட் மாடுலேஷன்தான் சார் இது!

தரை நெருங்கியதும் ரேடியோ ஆல்டிமீட்டர் உயரம் சொல்ல, ஆட்டோபைலட் மூக்கைத் தூக்கிச் சக்கரத்தைத் தரையில் வைக்கும். 1965 ஜூன் 10-ல் லண்டன் ஹீத்ரோவில், பயணிகளோடு வந்த ட்ரைடென்ட் விமானத்தில் அந்தக் கடைசி நொடி வேலையைக் கருவியே செய்துவிட்டது.

இதைச் சொன்னதும் எங்கப்பா, "அப்போ பைலட்டுக்கு எதுக்குடா சம்பளம்?" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் பக்கக் காற்று பலமாக இருந்தால் ஆட்டோபைலட்டை நம்பி இறக்க அனுமதி இல்லை. சாதாரண நாளிலும் பெரும்பாலும் பைலட் கையாலேதான் இறக்குகிறார்.

இன்னொன்றும் இருக்கிறது. 2018 போகியன்று விடிகாலை, பனியோடு டயர்ப் புகையும் சேர்ந்து மீனம்பாக்கம் கண்ணுக்கே தெரியவில்லை. வந்த விமானங்கள் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் திருப்பி விடப்பட்டன. தானாக இறங்கும் கருவி விமானத்துக்குள் இருந்து என்ன செய்ய? தரையில் இருந்தது கேட்-1 வசதி. அதில் 200 அடி உயரத்துக்குள் பைலட் கண்ணுக்கு ஓடுபாதை விளக்கு தெரிந்தாக வேண்டும், இல்லையென்றால் மேலே ஏறிவிட வேண்டியதுதான். டெல்லி மாதிரி மூடுபனி ஊர்களில் இருக்கும் கேட்-3-க்கு ஏரியல், விளக்கு, மாற்று மின்சாரம் எல்லாமே அதற்கேற்ற தரத்தில் வேண்டும். ஆக, பாதி விமானம் தரையில்தான் இருக்கிறது!

எனக்கு ஆசை அந்தப் பாதியின் மேல்தான். "பைலட் இல்லப்பா, ஓடுபாதை முனையில் நிற்குதே ஏரியல், அதைப் பார்த்துக்கிற வேலை" என்று அப்பாவிடம் விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"வெயில்லயா நிக்கணும்?" என்றார்.