பூட்டோடு வாருங்கள்

திண்டுக்கல்லில் பூட்டுக் கடையைக் கண்டுபிடிப்பது சுலபம். பூட்டுப் பட்டறையைத்தான் தேட வேண்டும். கடைகளில் சரம் சரமாகத் தொங்குகிறவற்றில் அலிகாரிலிருந்து வந்த எந்திரப் பூட்டுகளும் கலந்திருக்கின்றன. இந்த ஊரில் கையால் செய்தது எது என்று கேட்டால் சில கடைக்காரர்கள் நம்மை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். நான் தேடிப் போன பட்டறை ஒரு சந்தின் கடைசியில், தகரக் கூரைக்குக் கீழே இருந்தது. அரத்தால் இரும்பை ராவும் சத்தம் சந்து முனையிலேயே கேட்டது.

எழுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர்தான் அங்கே எல்லாம். உதவிக்கு இரண்டு பேர். "உக்காருங்க தம்பி. சட்டையைக் கொஞ்சம் பாத்துக்கங்க, தூள் ஒட்டும்" என்றாரே தவிர, கையை நிறுத்தவில்லை.

அவர் முன்னால் வைஸில் ஒரு மாங்காய்ப் பூட்டு வயிறு திறந்து கிடந்தது. உள்ளே ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும் லீவர்கள், மொத்தம் எட்டு. ஒவ்வொன்றும் மெல்லிய தகடு. அதைக் கீழே அழுத்தி வைக்க ஒரு சின்ன ஸ்பிரிங். நடுவில் ஒரு வெட்டு. சாவியைத் திருப்பும்போது அதன் பற்கள் ஒவ்வொரு லீவரையும் அதனதன் உயரத்துக்குத் தூக்குகின்றன. எட்டு வெட்டுகளும் ஒரே நேராக வந்து நின்றால்தான் தாழ் நகரும். ஒரு லீவர் மயிரிழை கூடுதலாக ஏறினாலும் நகராது, குறைவாக ஏறினாலும் நகராது. பெரியவர் ஒரு லீவரை வைப்பார், சாவியைத் திருப்பிப் பார்ப்பார், வெளியே எடுப்பார், அரத்தால் இரண்டு இழுப்பு இழுப்பார், மறுபடி வைப்பார். மூன்றாவது இழுப்புக்கு எனக்கே கை பரபரத்தது. அவர் இழுக்கவில்லை. "கூட ராவிட்டா தூக்கிப் போட வேண்டியதுதான். திரும்ப ஒட்டவா முடியும்?"

நான் அங்கே இருந்தபோதே ஓர் இளைஞர் வந்தார். செல்போனில் ஒரு சாவியின் படத்தைக் காட்டினார்.

"அண்ணே, இதே மாதிரி ஒண்ணு போட்டுக் குடுங்க. சாயங்காலம் கிளம்பணும்."

"பூட்டு எங்கே?"

"வீட்டுக் கதவுல தொங்குதுண்ணே. சாவி அப்பாகிட்ட இருக்கு. அவர்தான் படம் அனுப்புனாரு."

"பூட்டோட வாங்க. இல்லாட்டி அப்பாவைக் கூட்டிட்டு வாங்க."

இளைஞர் கெஞ்சினார். இரண்டு மடங்கு தருகிறேன் என்றார். பெரியவர் குரலை உயர்த்தவே இல்லை. உதவிக்கு இருந்தவரிடம் அவருக்கு ஒரு டீ சொல்லச் சொன்னார். டீ வருவதற்குள் வந்தவர் கிளம்பிப் போய்விட்டார். அந்த டீயை நான்தான் குடித்தேன்.

"பொய் சொல்ற ஆளாத் தெரியலையே ஐயா?"

"நல்ல பையன்தான். ஆனா நான் பாக்குறது அவரை இல்ல தம்பி, பூட்டு வாங்குனவரை."

இந்தப் பதிலை அதன்பிறகு பலமுறை அசைபோட்டிருக்கிறேன். வாடிக்கையாளர் சேவை பற்றி நடக்கும் பயிற்சி வகுப்புகளில், கேட்டவரிடம் முடியாது என்று சொல்லாதே என்பதைத்தான் முதல் பாடமாக வைக்கிறார்கள். பூட்டுத் தொழிலில் அது செல்லாது. காசோடு எதிரில் நிற்பவரும் வாடிக்கையாளர். என்றோ வாங்கிப் போய், எங்கோ ஒரு வீட்டில் கதவைச் சாத்திவிட்டுத் தூங்குகிறவரும் வாடிக்கையாளர். இரண்டாமவருக்காக முதலாமவரைத் திருப்பி அனுப்பத் தெரிந்தவரிடம்தான் நான் பூட்டு வாங்குவேன். பேசிச் சிரித்து விற்பவரிடம் வேறு ஏதாவது வாங்கிக்கொள்ளலாம்.

இந்தக் கட்டுப்பாடு அவருடைய நாக்கிலும் இருந்தது. எந்தக் கோயிலுக்கு, எந்த நகைக் கடைக்கு என்று நான் தூண்டித் தூண்டிக் கேட்டேன். "செஞ்சிருக்கேன்" என்பதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. கட்டுரை எழுதப் போனவனுக்கு அது நஷ்டம்தான். ஆனால் ஊர் ஊராகப் பெயர் சொல்லிப் பெருமையடிக்கும் பூட்டுக்காரரை யார் நம்புவது?

சங்கரலிங்கம் ஆசாரி சகோதரர்கள்தான் இந்தத் தொழிலை இங்கே வேரூன்ற வைத்தவர்கள் என்று ஊரில் சொல்வார்கள். 1957இல் பூட்டுத் தொழிலாளர்களுக்குக் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. குறியீட்டால் வருமானம் கூடியதா என்று கேட்டேன். பெரியவர் சிரித்துக்கொண்டே அரத்தைத் தட்டித் தூளை உதறினார்.

பட்டறைக்காரருக்கு உறவு கசந்துபோகிற இடம் நடுவில் நிற்கும் வியாபாரியிடம்தான். வாரக் கடைசியில் தர வேண்டிய பணம் மாதக் கடைசிக்குப் போகும். அதைவிட மோசம், ஒரு மொத்த வியாபாரி கேட்ட உதவி: "எட்டு லீவர்னு முத்திரை அடிச்சிட்டு ஆறு போட்டுக் குடுங்க. யார் பிரிச்சுப் பாக்கப் போறா?" உண்மைதான், யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. பூட்டின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்பது செய்தவருக்கு மட்டுமே தெரியும். பெரியவர் மறுத்தார், அந்த வியாபாரி வருவது அதோடு நின்றுபோனது. "நஷ்டந்தான். ஆனா ராத்திரி கணக்குப் பாக்குறப்ப ரெண்டு லீவர் இடிக்கும்ல?" என்றார்.

இன்னொரு சங்கடமும் உண்டு. நல்ல பூட்டு இருபது முப்பது வருடம் உழைக்கும். வாங்கியவர் திரும்பி வர மாட்டார். மலிவுப் பூட்டு துருப்பிடித்து, வாங்கியவரை அடிக்கடி கடைக்கு இழுத்து வரும். வியாபாரக் கணக்கில் இரண்டாவதுதான் லாபம். பெரியவரிடம் திரும்பி வருகிறவர்கள் சாவியைத் தொலைத்தவர்களும், தாத்தா காலத்துப் பூட்டைத் துணியில் சுற்றி எடுத்து வருகிறவர்களும்தான். அப்படி வந்த ஒன்றைப் பிரித்து, எண்ணெய் விட்டு, ஒரு ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிக் கொடுத்தார். புதுசு வாங்கிக்கங்க என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவரிடம் எனக்கு ஒரு குறை உண்டு. தன் பூட்டில் பட்டறைப் பெயரையோ தொலைபேசி எண்ணையோ அவர் போடுவதில்லை. விளம்பரம் என்றாலே கூச்சம். இவ்வளவு ஒழுங்காக வேலை செய்கிறவர் தன்னைத் தேடி வர வழி வைக்காமலிருப்பது வாங்குகிறவருக்கும் நஷ்டம்தான். சொல்லிப் பார்த்தேன், தலையை மட்டும் ஆட்டினார்.

திண்டுக்கல்லில் பூட்டு வாங்குகிறவர்கள் கடையில் இரண்டே கேள்வி கேளுங்கள்: இது எந்தப் பட்டறையில் செய்தது, உள்ளே எத்தனை லீவர்? இரண்டுக்கும் பதில் வராத கடையில் வாங்காதீர்கள்.