ஒரு பல்லியின் பட்டினி

பல்லியோடு நமக்குப் பழைய பகை உண்டு. மதரஸாவில் ஓதிய காலத்தில், கிதாபு அலமாரிக்குப் பின்னால் ஓடும் பல்லியை முதலில் அடிப்பவர் யார் என்று மாணவர்களிடையே போட்டியே நடக்கும். பல்லியைக் கொல்வது பற்றிய நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் இருப்பதைப் பாடமாகவே படித்தவர்கள் நாம். ஆதலின், 2023ஆம் ஆண்டின் இறுதியில் கோலாலம்பூரிலுள்ள மகள் வீட்டுக்குச் சென்றபோது, பதினொரு வயதுப் பேரன் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பல்லியை வளர்க்கக் கண்டு திடுக்கிட்டோம். அவனுடைய அறையிலேதான் நமக்கும் படுக்கை விரித்திருந்தார்கள்.

அது நம் வீட்டுச் சுவர்ப் பல்லி அன்று. சிறுத்தைப் பல்லி என்னும் இனம். மஞ்சள் மேனி, கரும்புள்ளிகள், ஏறத்தாழ ஒரு சாண் நீளம், தடித்த வால். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியாவின் வடமேற்குப் பகுதி ஆகியவற்றின் வறண்ட கல்நிலங்களே அதன் தாயகம். சுவர்ப் பல்லிக்கு அசையும் இமை இல்லை, இதற்கோ உண்டு. கண்ணை மூடித் திறந்து நம்மைப் பார்க்கும். விரல்களில் ஒட்டும் தன்மை இல்லாமையால் சுவரில் ஏறாது. ஒட்டகம் திமிலில் கொழுப்பைச் சேமிப்பதுபோல் இது வாலில் சேமித்து வைத்துக்கொள்கிறது.

நாம் சென்ற இரண்டாம் வாரத்தில் அது உண்பதை நிறுத்திற்று. சுவர்க்கோழிப் பூச்சியை முன்னே விட்டால் வால்நுனி துடிக்கப் பாய்ந்து பிடிக்குமாம். இப்போது தலையைத் திருப்பிக்கொண்டது. அந்தி சாய்ந்ததும் உலவத் தொடங்கும் பிராணி, இரவிலும் அசைவற்றுக் கிடந்தது. பேரன் அதன் வாயைத் திறந்து ஒரு புழுவைத் திணித்தான். சற்று நேரத்தில் கக்கிவிட்டது. ‘போனால் போகட்டும்’ என்று நம் உள்ளத்தின் ஒரு மூலை சொல்லிற்று. வாய்விட்டுச் சொல்லவில்லை; ஆயினும் பிள்ளை நம் முகத்தைப் படித்திருக்க வேண்டும்.

“நன்னா, பல்லியைக் கொன்றால் நன்மை என்று ஓதிக்கொடுக்கும் ஹஜ்ரத் சொன்னார்கள். அப்படியென்றால், இது பட்டினியால் செத்துப்போனால் எனக்குப் பாவம் இல்லையா?” என்று கேட்டான்.

முப்பது ஆண்டுகள் பாடம் சொல்லிக்கொடுத்த நமக்கு உடனே விடை வரவில்லை. முதல் அடியிலேயே கொல்வதற்குத்தான் கூடுதல் நன்மை என்று முஸ்லிமில் வருகிறது. வதைக்கு அங்கே இடமில்லை என்பதே நாம் அறிந்த பொருள். பூனையொன்றைக் கட்டிவைத்து, தானும் உணவிடாமல், அது தானாக இரை தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண்ணின் கதி என்னவாயிற்று என்பதும் அதே நூல்களில்தான் இருக்கிறது. “அடைத்து வைத்தவனே அதற்குப் பொறுப்பு, வாப்பா. நாளைக்கே மருத்துவரிடம் போவோம்” என்றோம்.

மருத்துவர் ஓர் இளம் சீனப் பெண்மணி. மகள் தமிழில் எடுத்துச் சொல்லச் சொல்லக் கேட்டோம். உணவு மறுப்பதற்குக் காரணம் ஒன்றல்ல. தோலுரிக்கும் காலத்தில் மேனி வெளுத்துச் சில நாள் உண்ணாமல் இருப்பது இயல்பு. புதிய இடத்துக்கு வந்தால் ஓரிரு வாரம் அஞ்சி ஒதுங்கும். பெட்டியில் மணல் பரப்பியிருந்தால், இரையோடு மணலையும் விழுங்கிக் குடல் அடைபடலாம். சுவர்க்கோழியிலும் மாவுப்புழுவிலும் சுண்ணாம்புச் சத்துக் குறைவு. அச்சத்துத் தூளைத் தூவிக் கொடுக்காவிட்டால் எலும்பு மென்மையாகி, தாடை துவண்டு, இரையைக் கவ்வவும் இயலாமற் போகும். குடலில் ஒட்டுண்ணிகள் பெருகினால் தடித்த வால் குச்சியாக மெலியும். கழிவை ஆய்ந்தே அதனை அறிய வேண்டும்.

நம் பல்லிக்கு வால் மெலியவில்லை, தாடை உறுதியாக இருந்தது, கழிவிலும் குற்றமில்லை. அப்போது அந்த அம்மையார், “அறையில் குளிர்சாதனம் ஓடுகிறதா?” என்று கேட்டார்.

மகள் நம்மைப் பார்த்தாள். பேரன் தரையைப் பார்த்தான்.

அவ்வூரின் புழுக்கம் நமக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நம் பொருட்டே அந்த அறையில் இரவும் பகலும் குளிர்சாதனம் 20 பாகையில் ஓடிக்கொண்டிருந்தது. பல்லியின் உடல் தனக்கு வேண்டிய வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. புறத்திலிருந்தே பெற வேண்டும். பெட்டியின் ஒரு பக்கம் 31 அல்லது 32 பாகை செல்சியஸ் சூடும், மறுபக்கம் 25 பாகை அளவும் இருந்தால் அது தன் தேவைக்கேற்ப இடம் மாறிக்கொள்ளும். சூடு குறைந்தால் வயிற்றில் இரை செரிக்காது, பசியும் அடங்கிவிடும். அந்நிலையில் வாயில் திணிப்பது தீங்கே என்றார் மருத்துவர். இந்நாட்டுக்குச் சூடேற்றும் கருவி தேவையில்லை என்று விற்றவர் சொல்லியிருந்தாராம். நாம் வந்து சேரும் வரையில் அது சரியாகத்தான் இருந்தது.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. எகிப்து நாட்டு அறிஞர் கமாலுத்தீன் அத்தமீரி (மறைவு ஹிஜ்ரி 808) எழுதிய ‘ஹயாத்துல் ஹயவான்’ என்னும் நூலில், பல்லி குளிர்காலத்தில் நான்கு மாதம் எதுவும் உண்ணாமல் வளைக்குள் தங்கிவிடும் என்றொரு செய்தி உண்டு. இளமையில் அதனைப் படித்து, வியப்பான சங்கதி என்று பக்கத்தைப் புரட்டியவர்கள் நாம். கோலாலம்பூரில் குளிர்காலம் கிடையாது. அந்த ஓர் அறைக்கு மட்டும் நாம் அதனைக் கொண்டுவந்துவிட்டோம்.

மறுநாள் பெட்டியின் ஒரு பக்கத்து அடியில் சூடேற்றும் தகடும், சூட்டை அளவோடு நிறுத்தும் கருவியும் பொருத்தினார்கள். நமக்கு மின்விசிறி போதும் என்று சொல்லிவிட்டோம். ஒன்பதாம் நாள் இரவு, இஷாவுக்குப் பின், பேரன் ஓடிவந்து நம் கையைப் பிடித்து இழுத்தான். போய்ப் பார்த்தோம். பல்லி ஒரு பூச்சியை மென்று விழுங்கிவிட்டு, நாவால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தது.

பல்லியின்மீது நமக்கு அன்பு பிறந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. ஆனால் ஊர் திரும்பிய பின், மகள் தொலைபேசியில் பேசும்போதெல்லாம், பேரனின் நலத்தை விசாரித்த கையோடு, பெட்டிக்குள் எத்தனை பாகை என்று கேட்பது நம் வழக்கமாகிவிட்டது.