நல்லெண்ணெயும் ஒரு கையும்

வாடிப்பட்டி,
சனிக்கிழமை

அன்புள்ள மருமகளுக்கு,

மாமன் எழுதிக்கொள்வது. கழுத்து இறுகிப்போய், பிரைட்டனில் ஒரு மணி நேர மசாஜுக்கு 60 பவுண்டு கொடுத்ததாகப் போனில் சொன்னாய். உன் அம்மா அதை ரூபாயில் கணக்குப் போட்டுவிட்டு இரண்டு நாளாகப் புலம்புகிறாள். "நம்ம ஊர்ல இதெல்லாம் இருந்ததா மாமா?" என்று கேட்டாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

இருந்தது தாயி. சித்த மருத்துவத்தில் அதற்குத் தொக்கணம் என்று பெயர். புற மருத்துவம் 32-ல் அது ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என்று அதற்குள்ளேயே ஒன்பது வகை. தாம்பரத்தில் 2005-ல் திறந்த தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் இன்றைக்கும் நோயாளிகளுக்குச் செய்கிறார்கள்.

உன் அம்மாச்சிக்குத் தொக்கணம் என்ற சொல்லே தெரியாது. அவளுக்குத் தெரிந்தது எண்ணெய் தேய்க்கும் கிழமை: ஆம்பளைக்குச் சனி, பொம்பளைக்கு வெள்ளி. செக்கு நல்லெண்ணெயை இளஞ்சூடாக்கி உச்சியில் வைத்துத் தட்டுவாள். பிறகு பிடரி, தோள், முதுகு, கெண்டைக்கால், உள்ளங்கால். கடைசியில் அரப்பும் வெந்நீரும். அறுப்புக் காலத்தில் குனிந்து குனிந்து விறைத்த இடுப்போடு வருகிற என் அப்பா, அன்றைக்கு மத்தியானம் குழந்தை மாதிரித் தூங்குவார். கைக்குழந்தையாக இருந்த உன்னையும் தன் காலை நீட்டி அதில் கிடத்தித்தான் தேய்த்துவிட்டாள். நீ வீறிட்டு அழுவாய். குளிப்பாட்டியதும் மூன்று மணி நேரம் அசைய மாட்டாய்.

நீ இருக்கும் ஊருக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. பாட்னாவில் 1759-ல் பிறந்த ஷேக் தீன் முகமது என்பவர் 1814 வாக்கில் பிரைட்டனுக்குப் போய், நீராவிக் குளியலோடு உடம்பு பிடித்துவிடும் நிலையம் நடத்தினார். அந்த வேலைக்கு அங்கே 'ஷாம்பூயிங்' என்று பெயர். அழுத்து, பிசை என்று பொருள்படும் இந்திச் சொல் 'சாம்போ' அப்படித் திரிந்தது. நான்காம் ஜார்ஜ் மன்னருக்கே அவர் ஷாம்பூயிங் வைத்தியர். அந்தச் சொல் பிற்பாடு தலைக்குத் தேய்க்கும் நுரையோடு ஒட்டிக்கொண்டது. 1851-ல் இறந்த அவரைப் புதைத்ததும் உன் ஊரில்தான்.

பலன் உண்டா என்றால், உண்டு. அமெரிக்காவில் டிஃபனி ஃபீல்டும் கூட்டாளிகளும் குறைமாதக் குழந்தைகளுக்குத் தினம் மூன்று வேளை, வேளைக்கு 15 நிமிடம் என்று பத்து நாள் தடவிவிட்டார்கள். தடவாத குழந்தைகளைவிட அவை நாளொன்றுக்கு 47 சதவீதம் கூடுதலாக எடை ஏறின. 1986-ல் அந்த ஆய்வு வெளியானது. புதிதாக வந்த இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன்னால் முயன்று பார்க்கத்தக்கவற்றில், சூட்டு ஒத்தடத்தோடு மசாஜையும் அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017-ல் சேர்த்தது. அழுத்தும்போது தசை இளகுகிறது, நெஞ்சுத் துடிப்பு தணிகிறது, படபடப்பு அடங்குகிறது. ஆனால் இந்தச் சுகம் சில நாளைக்குத்தான். அதனால்தானோ என்னவோ, நம்மவர்கள் அதை வாரத்தில் ஒரு நாளாக வைத்தார்கள்.

அம்மாச்சி செய்ததெல்லாம் சரி என்று சொல்ல மாட்டேன். குழந்தை மூக்கில் எண்ணெய் விடுவாள். அது தப்பு, எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரும். எலும்பு முறிவிலும் காய்ச்சலிலும் தேய்க்கக் கூடாது. நீ மணிக்கணக்கில் விமானத்தில் உட்கார்ந்து வருகிறவள். ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால், அதைப் பிடித்துவிடச் சொல்லாதே. உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம், டாக்டரிடம் ஓடு.

60 பவுண்டு கொடுத்ததைக் குறை சொல்லவில்லை. கற்றுத் தேர்ந்த கைக்குக் கூலி உண்டு. ஆனால் அம்மாச்சி தேய்க்கும்போது வலியை மட்டுமா கேட்டாள்? பரீட்சை, சண்டை, காதல் எல்லாம் அவள் கைக்குக் கீழேதான் வெளியே வந்தன. நம் வீட்டில் மனசுக்கு வைத்தியம் பார்த்த இடம், எண்ணெய் தேய்க்க அவள் உட்கார வைத்த அந்த மணைதான்.

வருகிற சனிக்கிழமை போனை அணைத்துவிட்டு, மாப்பிள்ளையை உட்கார வைத்து அவர் தோளில் எண்ணெய் வை. அடுத்த வாரம் அவர் உனக்கு வைக்கட்டும். மறக்காமல் தரையைத் துடைத்துவிடு, வழுக்கும்.

அன்புடன்,
மாமா