நவநாள் துண்டில் ஏழாவது பெயர்

கொஞ்சம் நீளமான பதிவுதான், பொறுமையாக வாசியுங்கள். எங்கள் பாடசாலையில் முஸ்லிம் ஆசிரியர்கள் என்று நாங்கள் இரண்டு பேர்தான். இரண்டு பேரும் பேசி, ஒத்துக்கொண்டதை மட்டும்தான் இங்கே எழுதுகிறோம்.

சாதாரண தரப் பரீட்சைக்கு மூன்று கிழமை இருக்கும்போது தரம் 11 வகுப்பில் ஒரு துண்டுக் காகிதம் பெரிய பிரச்சினையாகிவிட்டது. தோட்டத்திலிருந்து வரும் கத்தோலிக்கப் பிள்ளை ஒன்று, செவ்வாய்க்கிழமை அந்தோனியார் நவநாளில் பெட்டிக்குள் போடுவதற்கு ஒரு விண்ணப்பம் எழுதிக் கணிதக் கொப்பிக்குள் வைத்திருந்தது. கணக்கில் பாஸாக வேண்டிய ஒன்பது பேரின் பெயர் அதில் இருந்தது. தன்னுடைய பெயரைக் கடைசியில் போட்டிருந்தது. ஏழாவது பெயர் எங்கள் பிள்ளை. டவுனில் கடை வைத்திருக்கும் ஒருவருடைய மகள்.

கொப்பிகளைத் திருத்துவதற்கு அடுக்கும்போது துண்டு கீழே விழுந்தது. எங்கள் மாணவன் ஒருவன் எடுத்துச் சத்தமாக வாசித்துவிட்டு, "இது ஷிர்க். அவட பேர வெட்டு" என்றான். அந்தப் பிள்ளை, "நாங்க அந்தோனியார சாமியா கும்பிடல. எங்களுக்காக ஆண்டவர்கிட்ட கேக்கச் சொல்றோம்" என்று அழுதது. பின் வாங்கிலிருந்து இன்னொருவன், "ஏன், நீங்க ஸியாரத்துக்குப் போறதில்லையா?" என்றான். அதோடு வகுப்பு இரண்டாகிவிட்டது. இடைவேளை மணி அடிக்க முன்னமே விஷயம் எங்களிடம் வந்தது. மறுநாள் அந்தப் பிள்ளையின் வாப்பாவும் வந்தார்.

வாப்பா கேட்டது நியாயமான கேள்வி. "என்ட மகள்ட பேரச் சொல்லி ஒரு சிலைக்கிட்ட கேட்டா, அதுல அவளுக்கும் பங்கு இருக்கா சேர்?" எழுதியது அவள் இல்லை, அவள் மேல் குற்றம் இல்லை என்று சொல்லி அனுப்பினோம். ஆனால் "சிலைக்கிட்ட கேட்டா" என்ற பேச்சை நாங்கள் திருத்தவில்லை. அதைத் திருத்துகிற அளவுக்கு அன்றைக்கு எங்களுக்கும் விளக்கம் இல்லை. இன்னும் சொன்னால், அதே மாதிரி நாங்களும் வகுப்பில் சொல்லியிருக்கிறோம். கத்தோலிக்கர் புனிதர்களை வணங்குகிறார்கள், நாங்கள் அல்லாஹ்வை மட்டும் வணங்குகிறோம் என்று. தவ்ஹீத் பாடத்துக்கு அது ஒரு வசதியான உதாரணம். அந்த மாணவன் எங்கிருந்து படித்தான் என்று யாரும் எங்களிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தலை குனிந்திருப்போம்.

கத்தோலிக்கம் படிப்பிக்கும் மிஸ் எங்களுக்கு எதிர் மேசை. பல வருஷமாக ஒரே கேத்தலில் தேத்தண்ணி குடிக்கிறோம். ரம்ழானில் அவர் எங்களுக்கு முன்னால் சாப்பிட மாட்டார், நத்தாருக்குக் கேக் அனுப்புவார். இந்த விஷயத்தை ஒரு நாளும் கேட்டதில்லை. அன்றைக்குத்தான் கேட்டோம். மிஸ் சிரித்துவிட்டு, "ஒங்க உம்மா ஹஜ்ஜுக்குப் போறப்ப, எனக்காகவும் கேளுங்கன்னு நீங்க சொல்லி விடலையா சேர்?" என்றார்.

சொன்னோம்தான். ஊரே சொன்னது. பெயர் எழுதிக் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள்.

பிறகு மிஸ் விளக்கினார். கடவுளுக்கு உரியது ஆராதனை. அதை மரியாளுக்கோ அந்தோனியாருக்கோ கொடுத்தால் எங்கள் சமயத்திலும் பாவம்தான். புனிதர்களுக்குக் கொடுப்பது வணக்கம், அதாவது மரியாதை. அவர்களிடம் கேட்பது, எங்களுக்காக இறைவனிடம் வேண்டிக்கொள்ளுங்கள் என்பது. செபமாலையில் திரும்பத் திரும்பச் சொல்லும் அருள் நிறைந்த மரியே செபமும் மரியாளிடம் அதைத்தான் கேட்டு முடிகிறது. வரம் தருவது கடவுள்தான் என்றார். திருச்சபை இதை எழுத்திலும் வைத்திருக்கிறது. 1563இல் திரிதெந்து பொதுச்சங்கம் புனிதர்களிடம் பரிந்துரை கேட்பது நல்லது, பயனுள்ளது என்று முடிவு செய்தது. கட்டாயம் என்று சொல்லவில்லை.

இந்த இடத்தில்தான் எங்களுக்கு ஒன்று விளங்கியது. சண்டையில் பாதி தமிழ்ச் சொல்லால் வந்தது. மிஸ்ஸுக்கு வணக்கம் என்றால் மரியாதை. எங்களுக்கு வணக்கம் என்றால் இபாதத். அதனால்தானே காலையில் மற்றப் பிள்ளைகள் "வணக்கம் சேர்" என்னும்போது எங்களில் சிலர் குட் மோர்னிங் சொல்லிச் சமாளிக்கிறோம். ஒரே சொல் அவர்கள் வாயில் ஒன்று, எங்கள் காதில் இன்னொன்று. "கும்பிடு" இன்னும் சிக்கல். தோட்டத்தில் சாமிக்கும் கும்பிடு, பெரியவருக்கும் கும்பிடு, ஒரு காலத்தில் தொரைக்கும் கும்பிடு. அந்தத் தொரையைக் கடவுள் என்று எந்தத் தோட்டத்து ஆளும் நம்பியதில்லை. லயத்து ஓரத்தில் உள்ள மாதா கெபியில் ஒரு பாட்டி மெழுகுதிரி கொளுத்துவதைப் பார்த்துவிட்டு, அவர் மனதில் இருப்பது ஆராதனையா வேண்டுகோளா என்று ரோட்டில் நின்று சொல்ல எங்களால் முடியாது. பாட்டியிலும் குழப்பம் இருக்கலாம், அதை மிஸ்ஸும் ஒத்துக்கொண்டார். சில பேர் அந்தோனியாரே தருகிறார் என்றுதான் நினைக்கிறார்கள், அதைத் திருத்துவது எங்கள் ஃபாதர்மாருக்கும் பெரிய வேலை என்றார்.

சரி, சொல்லை ஒதுக்கிவிட்டு விஷயத்துக்கு வருவோம். மற்றவரிடம் துஆ கேட்பது எங்கள் மார்க்கத்துக்குப் புதிதா? யூசுப் சூராவில், தம்பிக்கு அநியாயம் செய்த பிள்ளைகள் கடைசியில் தங்கள் தந்தை யஃகூப் நபியிடம்தான் வந்து, எங்களுக்காகப் பாவமன்னிப்புக் கேளுங்கள் என்கிறார்கள். யெமன் நாட்டு உவைஸ் அல் கர்னி பற்றி நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் முன்கூட்டிச் சொல்லி, முடிந்தால் அவரிடம் பாவமன்னிப்புத் தேடச் சொல்லுங்கள் என்றார்கள். பின்னர் உமர் ரழியல்லாஹு அன்ஹு அவர்கள் யெமனிலிருந்து வந்த கூட்டத்துக்குள் அவரைத் தேடினார்கள். முஸ்லிம் கிரந்தத்தில் இருக்கிறது. தாயைப் பராமரித்துக்கொண்டிருந்த ஒரு சாதாரண மனிதரிடம் கலீபா துஆ கேட்டார்.

இரண்டு மழைக் கதைகளையும் சொல்ல வேண்டும்.

மதீனாவில் பஞ்சம். உமர் அவர்கள் நபியின் சிறிய தந்தை அப்பாஸ் அவர்களை முன்னால் வைத்து மழைக்குத் துஆ கேட்டார்கள். முன்பு நபியைக் கொண்டு கேட்டோம், மழை தந்தாய், இப்போது நபியின் சிறிய தந்தையைக் கொண்டு கேட்கிறோம் என்ற கருத்தில். இது புகாரியில் வருகிறது.

மற்றது எங்கள் மலைநாட்டுக் கதை. கோவாவில் 1651இல் பிறந்த யோசப் வாஸ் அடிகளார், ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடை செய்திருந்த காலத்தில், 1687இல் ரகசியமாக யாழ்ப்பாணத்துக்கு வந்தார். 1692இல் கண்டிக்கு வந்தபோது போர்த்துக்கேய உளவாளி என்று சந்தேகப்பட்டுச் சிறையில் போட்டார்கள். பிறகு கண்டியில் கடும் வரட்சி. இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன், பௌத்த அரசன், அவரிடம் மழைக்கு வேண்டச் சொன்னான். அவர் திறந்த வெளியில் சிலுவையை நட்டு வேண்டினார், மழை கொட்டியது என்று கத்தோலிக்கர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். 1697இல் அம்மை நோய் பரவியபோது விட்டு ஓடாமல் நோயாளிகளைப் பார்த்தார். 1711 ஜனவரி 16இல் கண்டியிலேயே மரணமானார். 2015 ஜனவரி 14இல் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். எங்கள் பாடசாலையிலிருந்தும் பஸ் பிடித்துப் போனவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டு கதையிலும் கேட்கப்பட்டவர் உயிரோடு இருந்தவர். அதுவரைக்கும் அவர்களுக்கும் எங்களுக்கும் பெரிய தகராறு இல்லை. பிரிவது அதற்குப் பிறகுதான். யோசப் வாஸ் 1711க்குப் பிறகும் தங்கள் வேண்டுதலைக் கேட்கிறார் என்று கத்தோலிக்கர் நம்புகிறார்கள். மண்ணில் இருப்பவர்களும் விண்ணில் இருப்பவர்களும் ஒரே குடும்பம், சாவு அந்த உறவை அறுக்காது என்பது அவர்கள் விசுவாசப் பிரமாணத்திலேயே இருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் அதை ஏற்கவில்லை. அப்பாஸ் அவர்களின் சம்பவமே எங்களுக்குப் போதும். நபியின் கப்ர் பக்கத்திலேயே இருந்தும் உமர் அவர்கள் உயிரோடிருந்தவரைத்தான் முன்னால் வைத்தார்கள். நான் சமீபமாக இருக்கிறேன், என்னை அழைப்பவருக்குப் பதில் தருகிறேன் என்று அல்லாஹ் பகரா சூராவில் சொல்கிறான். பிறகு எதற்கு நடுவில் ஓர் ஆள்?

இதை எழுதும்போதே எங்கள் ஊரில் சில பெரியவர்களின் முகம் ஞாபகம் வருகிறது. அதே அப்பாஸ் சம்பவத்தை வைத்தே அவர்கள் மறுபக்கம் பேசுவார்கள். அது நபியின் குடும்பத்துக்குச் செய்த கண்ணியம், கப்ரில் கேட்கக்கூடாது என்பதற்கு ஆதாரம் இல்லை என்பார்கள். முஹியித்தீன் ஆண்டகையின் பெயரால் ராத்தீபு ஓதுகிறவர்கள், ஜெய்லானிக்குக் கந்தூரிக்குப் போகிறவர்கள், எங்கள் உம்மம்மாமார். பின் வாங்கில் இருந்த பொடியன் கேட்ட கேள்வி சும்மா வரவில்லை. வஸீலா பற்றிய இந்த வாதம் எங்கள் வீட்டுக்குள் பல நூறு வருஷமாக நடக்கிறது. கிறிஸ்தவர்களுக்குள்ளும் அப்படித்தான். அரசாங்கம் கத்தோலிக்கத்துக்கு ஒரு பாடப் புத்தகமும் கிறிஸ்தவத்துக்கு வேறொரு பாடப் புத்தகமும் தருவது சும்மா இல்லை. மெதடிஸ்ட் பிள்ளையிடம் கேட்டால் கடவுளுக்கும் மனிதருக்கும் நடுவில் இயேசு ஒருவரே என்று பவுலின் கடிதத்தைக் காட்டும். பொகவந்தலாவையில் உள்ள பழைய சென்ட் மேரிஸ் கோயில் பெயரில் மரியாள் இருந்தாலும் அது அங்கிலிக்கன் சபை. புகைப்படக்காரி ஜூலியா மார்கரெட் கெமரூனின் கல்லறை அங்கேதான் இருக்கிறது, பார்க்காதவர்கள் போய்ப் பாருங்கள்.

ஏன் இவ்வளவு நீட்டுகிறோம்? இந்த வாதம் எங்கே போய் முடியும் என்று பார்த்துவிட்டோம். 2017 மார்ச்சில் காத்தான்குடியில் ஸூஃபி முஸ்லிம்களோடு வாளெடுத்து மோதிய கூட்டத்தின் தலைவன், அவர்களை இணைவைப்பவர்கள் என்றுதான் மேடை மேடையாகப் பேசினான். இரண்டு வருஷம் கழித்து, 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு அன்று, அவனுடைய ஆட்கள் குண்டு வைத்த முதல் இடங்களில் ஒன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோயில். செவ்வாய்க்கிழமைகளில் எல்லாச் சமயத்தவரும் போய் வந்த இடம். எங்கள் ஆட்களும் போனார்கள், மறைக்க வேண்டாம். அந்தக் கோயிலைத் திருத்தி ஜூன் 12இல், அந்தோனியார் திருநாளுக்கு முதல் நாள், மறுபடியும் திறந்தார்கள். அந்தக் கிழமைகளில் நாங்கள் டவுனில் தலை நிமிர்ந்து நடக்கவில்லை. மிஸ் மட்டும் வழக்கம்போலத் தேத்தண்ணி ஊற்றி மேசையில் வைத்தார்.

கருத்து வேறுபாடு குண்டாகாது. அவர்கள் நம்பாத ஒன்றை நம்புகிறார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது வேறு விஷயம். அதைத்தான் நாங்கள் சாக்குக் கட்டியால் பலகையில் எழுதிக்கொண்டிருந்தோம்.

அதனால் அடுத்த இஸ்லாம் பாடத்தில் முன்பு சொன்னதைத் திருத்தினோம். கத்தோலிக்கர் அந்தோனியாரை ஆராதிப்பதில்லை, மரணித்த நல்லடியார்களிடம் தங்களுக்காக வேண்டச் சொல்கிறார்கள், நாங்கள் அப்படிக் கேட்பதில்லை, நேரடியாகக் கேட்கிறோம், காரணம் இது என்றோம். "அப்ப அது ஷிர்க் இல்லையா சேர்?" என்று அதே மாணவன் கேட்டான். அல்லாஹ்விடம் எங்களை நெருக்கி வைப்பதற்காகத்தான் இவர்களை வணங்குகிறோம் என்று மக்கத்து முஷ்ரிக்குகள் சொன்னதாகக் குர்ஆனில் வருவதையும் அவனே எடுத்துச் சொன்னான். கெட்டிக்காரன். அந்த வசனத்தில் வணங்குவதாக அவர்களே ஒத்துக்கொள்கிறார்கள், இந்தப் பிள்ளை வணங்கவில்லை என்று உன் முகத்துக்கு நேரே சொல்லிற்று, அந்த வித்தியாசத்தை யோசி, மிச்சத்தை உலமாக்களிடம் கேள் என்றோம். அவன் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. துண்டை வாசித்ததற்கு மட்டும் அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டான். வாப்பாவுக்குக் கோல் எடுத்து, நாங்கள் முதலில் சொல்லாமல் விட்டதைச் சொன்னோம். "அப்ப சிலைக்கிட்ட இல்லையா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். மகளிடமே விடுகிறேன் என்றார்.

ஏழாவது பெயர்க்காரி திங்கட்கிழமை தானே போய்ப் பேசியிருக்கிறாள். பக்கத்து மேசைப் பிள்ளை எங்களிடம் சொன்னது. "என்ட பேர வெட்டிரு, கோவிக்காத. அந்தோனியார்கிட்ட சொல்ல வேணாம். நீயே எனக்காகக் கேளு. நீ உயிரோடதானே இருக்கிற."

மற்றது அடிமட்டம் வைத்து நேராகக் கோடு போட்டு வெட்டியதாம். வெட்டிவிட்டு, "அப்ப நீயும் எனக்குக் கேக்கணும், அஞ்சு நேரமும்" என்றதாம்.

பெறுபேறு இன்னும் வரவில்லை. கணக்கு இரண்டாம் பேப்பர் கஷ்டம் என்று இரண்டு பேரும் சொன்னார்கள்.