உள்பக்கம் ஒரு பிடி

நேற்று மதியம் எங்கள் தெருவில் நின்றிருந்த பார்சல் வேனுக்குள்ளிருந்து தகரத்தைத் தட்டும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பின்கதவுக் கொண்டியைத் தூக்கினேன். சட்டையெல்லாம் நனைந்து, மூச்சு வாங்க இறங்கினார் டெலிவரி தம்பி. பார்சல் தேட உள்ளே ஏறியிருக்கிறார். வண்டி சரிவில் நின்றதால் கதவு தானாகச் சாத்திக்கொண்டு, தேய்ந்துபோன கொண்டி விழுந்துவிட்டது. போன் முன்சீட்டில் சார்ஜில் கிடந்தது.

"பத்து நிமிஷம் இருக்கும்ணா" என்றார். கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

அந்தப் பெட்டிக்கு ஜன்னல் கிடையாது, உள்ளே கைப்பிடியும் கிடையாது. சரக்கு திருடுபோகக் கூடாது என்று மட்டும் யோசித்துப் பூட்டு வைத்திருக்கிறார்கள். இதே கொண்டி ஓட்டத்தில் அதிர்ந்து திறந்தும்விடுமாம். கயிறு கட்டி ஓட்டுகிறார்.

அமெரிக்காவில் 2001 செப்டம்பர் முதல் தயாராகும் கார்களின் டிக்கியில், உள்ளிருந்தே திறக்கும் பிடி கட்டாயம். டிக்கிக்கே அப்படி என்றால், நாள் முழுக்க ஆள் ஏறி இறங்கும் வண்டிக்கு?

வேன் வைத்திருக்கும் நண்பர்களே, பட்டறையில் சொல்லி உள்பக்கம் ஒரு பிடி வைத்துவிடுங்கள். அதுவரை, கதவைக் கொக்கி மாட்டி நிறுத்தாமல் யாரையும் உள்ளே ஏறவிடாதீர்கள்.