சராசரியைக் கேட்கும் ஊர்

அயோவா சிட்டி,
ஜூலை 2025

அன்புள்ள நண்பருக்கு,

வயல்களில் சோளம் ஆள் உயரத்தைத் தாண்டிக்கொண்டிருக்கிறது. அயோவா பல்கலைக்கழகத்துக்குக் கோடை விடுமுறை. 69,250 பேர் உட்காரும் கின்னிக் மைதானம் காலியாகக் கிடக்கிறது. ஆனாலும் ஊரின் பேச்சு அந்த மைதானத்தைத்தான் சுற்றுகிறது. அயோவா மாநிலத்தில் ஏறக்குறைய 32 லட்சம் பேர் இருக்கிறார்கள். நாட்டின் பெரிய தொழில்முறை லீக்குகளில் ஆடும் அணி ஒன்றுகூட அவர்களுக்குக் கிடையாது. அதனால் மாணவர்கள் ஆடும் அமெரிக்கன் ஃபுட்பால் அணியான ஹாக்ஐஸ்தான் இவர்களுக்கு எல்லாம். மைதானத்தை ஒட்டியே குழந்தைகள் மருத்துவமனை நிற்கிறது. ஒவ்வோர் ஆட்டத்திலும் முதல் கால்பகுதி முடிந்ததும் மொத்தக் கூட்டமும், இரண்டு அணிகளின் ஆட்டக்காரர்களும் திரும்பி நின்று, மேல்மாடி ஜன்னல்களில் இருக்கும் நோயாளிக் குழந்தைகளுக்குக் கையசைப்பார்கள். 2017இல் தொடங்கிய வழக்கம் இது. இப்போது எழுத நினைப்பது இந்த ரசிகர்களின் நம்பிக்கையைப் பற்றி.

வரும் சீசனில் தங்கள் அணியின் தாக்குதல் ஆட்டம் தேறிவிடும் என்று நம்புகிறார்கள். இது கோடைதோறும் வரும் மயக்கம் என்று சொல்பவர்கள் உண்டு. ஜெயிக்கிற அணியைக் குறை சொல்லும் பேராசை என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டுமே தவறு என்பது என் கட்சி. இவர்கள் கேட்பது மிகச் சிறியது. சராசரியான ஒரு தாக்குதல் ஆட்டம், அவ்வளவுதான். அந்தச் சிறிய ஆசைக்குப் பின்னால் உறுதியான கணக்கு இருக்கிறது. கணக்கைச் சொல்லும் முன் ஆட்டத்தின் அடிப்படையை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். பந்து கையில் உள்ள அணிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் பத்து கஜம் முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்புகள் கிடைக்கும். முன்னேற முடியாது என்று தெரிந்தால் நான்காவது வாய்ப்பில் பந்தைத் தூரமாக உதைத்து எதிரணியிடம் கொடுத்துவிடுவார்கள். அந்த உதைக்குப் பெயர் பண்ட். முன்னேற இரண்டு வழிகள்: பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடலாம், அல்லது குவார்ட்டர்பேக் என்கிற ஆட்டக்காரர் அதை முன்னால் எறிந்து சகாவைப் பிடிக்க வைக்கலாம்.

தலைமைப் பயிற்சியாளர் கர்க் ஃபெரன்ட்ஸ் 1999 முதல் இங்கே இருக்கிறார். 2024 சீசன் முடிவுவரை அயோவாவில் அவருடைய வெற்றிகள் 204. ஒஹாயோ ஸ்டேட்டின் பழம்பெரும் பயிற்சியாளர் வுடி ஹேஸ் அங்கே பெற்றவை 205. இத்தனை வெற்றிக்கும் அடிப்படை ஒரே கொள்கை: நாம் தவறு செய்யக்கூடாது, பந்தைத் தூரமாக உதைக்க வேண்டும், தடுப்பாட்டத்தை நம்பி எதிரி தவறு செய்யும்வரை காத்திருக்க வேண்டும். நூற்றுச் சொச்சம் ரன்னுக்குள் சுருண்டுவிட்டு, பந்துவீச்சாளர்களை நம்பிக் களமிறங்கும் கிரிக்கெட் அணியை நினைத்துக்கொள்ளுங்கள். அதிலும் ஓர் அழகு உண்டு, மறுக்கவில்லை. 2022 சீசனின் முதல் ஆட்டத்தில், ஒரு படி கீழான பிரிவில் ஆடும் சவுத் டகோட்டா ஸ்டேட்டை அயோவா 7-3 என்று வென்றது. பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுசேர்த்து எடுக்கும் டச்டவுன் ஒன்றுகூட இல்லை. உதைத்துப் பெற்ற ஃபீல்ட் கோலில் 3 புள்ளி. எதிரணியை அதன் சொந்த எல்லைக்குள்ளேயே இரண்டு முறை மடக்கியதற்கு இரண்டிரண்டாக 4 புள்ளி. அந்த நான்கும் தடுப்பாட்டம் தேடிக் கொடுத்தவை.

2023இல் நிலைமை எல்லை கடந்தது. ஆட்டத்துக்குச் சராசரி 234.6 கஜம்தான் முன்னேறினார்கள். முதல் பிரிவின் 133 அணிகளில் கடைசி இடம். தாக்குதலை வகுத்தவர் பிரையன் ஃபெரன்ட்ஸ், தலைமைப் பயிற்சியாளரின் மகன். அந்த ஆண்டு அவருடைய ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை சேர்க்கப்பட்டிருந்தது: அணி ஆட்டத்துக்குச் சராசரி 25 புள்ளி எடுக்க வேண்டும். தடுப்பாட்டக்காரர்கள் எடுக்கும் புள்ளிகளையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம் என்ற சலுகை வேறு. எடுத்தது 15.4. சீசன் முடிவதற்குள்ளாகவே, அக்டோபர் இறுதியில், அடுத்த ஆண்டு அவர் தொடரமாட்டார் என்று பல்கலைக்கழகம் அறிவித்தது. அந்த ஆண்டு அணியின் நாயகன் டோரி டெய்லர் என்ற ஆஸ்திரேலிய இளைஞர்; பண்ட் உதைப்பவர். அவர் உதைத்த மொத்த தூரம் 4,479 கஜம். கல்லூரி ஃபுட்பாலில் ஒரே சீசனுக்கு அதுவரை இருந்த சாதனை 1938ஆம் ஆண்டைச் சேர்ந்தது, அது முறிந்தது. அவருடைய திறமை போற்றத்தக்கது. ஆனால் பந்தைத் திருப்பிக் கொடுக்கும் வேலையில் ஓர் அணி 85 ஆண்டுச் சாதனையை முறியடித்தால், மற்ற வேலைகள் எந்த நிலையில் இருந்தன என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கேதான் பலமான மறுப்பு எழுகிறது. அதே 2023இல் அயோவா 14 ஆட்டங்களில் 10 வென்றது, தன் கோட்டத்தில் முதலிடம் பிடித்தது. தாக்குதலுக்குப் புதிய பயிற்சியாளரைக் கொண்டுவந்து, அது தேறிய 2024இல் வென்றது 13க்கு 8. அப்படியானால் தாக்குதல் தேறி என்ன லாபம்? பழைய வழியே போதுமே! கேட்பதற்கு நியாயமான வாதம். வெற்றிகளை மட்டும் எண்ணாமல் புள்ளிகளைக் கூட்டிப் பார்த்தால்தான் அதன் ஓட்டை தெரியும். 2023இல் அயோவா எடுத்த மொத்தப் புள்ளிகள் 216, கொடுத்தவை 207. பதினான்கு ஆட்டங்களுக்கும் சேர்த்து வித்தியாசம் வெறும் 9. பத்து வெற்றிகள் அந்த ஒன்பது புள்ளி விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தன. 10-7, 13-10, 15-13 என்ற கணக்கில் வந்த வெற்றிகள் எந்தப் பக்கமும் சாய்ந்திருக்கலாம். சாய்ந்ததும் உண்டு: மின்னசோட்டாவிடம் 12-10 என்று தோற்றார்கள். அந்த ஆட்டத்தில் அயோவாவின் கூப்பர் டிஜீன் கடைசி நிமிடங்களில் பந்தை ஏந்தி எல்லைவரை ஓடியதை, அதற்கு முன் அவர் செய்த ஒரு கை அசைவைக் காரணம் காட்டி நடுவர்கள் செல்லாது என்று அறிவித்தார்கள். ஊர் இன்றுவரை அதை மறக்கவில்லை. ஆனால் மொத்த சீசனின் விதி ஒரே ஒரு கை அசைவில் நிற்கும்படி அணி ஆடியதற்கு நடுவரா பொறுப்பு?

மற்ற மூன்று தோல்விகளையும் பாருங்கள். பென் ஸ்டேட்டிடம் 31-0, மிச்சிகனிடம் 26-0, டென்னசியிடம் 35-0. நான்கு தோல்விகளிலும் சேர்த்து எடுத்த புள்ளிகள் 10. பழைய வழி எதுவரை செல்லும், எங்கே முட்டி நிற்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. நடுத்தர அணிகளின் தவறுக்காகக் காத்திருக்கலாம். வலிய அணிகள் அந்தத் தவறைச் செய்வதில்லை. மேலும், அந்தக் கோட்டமே இப்போது இல்லை. அயோவா ஆடும் பிக் டென் என்ற கல்லூரி லீக் 2024 முதல் 18 அணிகளின் ஒரே பட்டியலாகிவிட்டது. ஒரிகன், யுஎஸ்சி, வாஷிங்டன், யுசிஎல்ஏ உள்ளே வந்துவிட்டன. பலவீனமான பாதிக்குள் முதலிடம் பிடித்து இறுதிப்போட்டிக்குள் நுழையும் வழி அடைபட்டுவிட்டது.

2024இல் கூட்டினால் எடுத்தவை 360, கொடுத்தவை 232. வித்தியாசம் 128. புதிதாக வந்த டிம் லெஸ்டர் செய்தது வித்தை ஒன்றுமில்லை. ஆட்டம் தொடங்கும் கணத்துக்குச் சற்று முன்பு ஆட்டக்காரர்களை இடம் மாற்றி, எதிரணியின் கண்களையும் கால்களையும் குழப்பினார். முன்வரிசையைப் பக்கவாட்டில் நகர்த்தி, ஓடுபவருக்கு வழி திறந்துவிடும் முறைக்குக் கூர்மை கூட்டினார். ஏறக்குறைய அதே முன்வரிசை ஆட்டக்காரர்கள்தான். 2023இல் 500 கஜத்தைக்கூட எட்டாத கேலப் ஜான்சன், 2024இல் 1,537 கஜம் ஓடி 21 டச்டவுன் எடுத்தார். முந்திய ஆண்டு காயத்தால் அவர் சில ஆட்டங்களில் இல்லை என்பதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் மாற்றம் பெரியது.

குறை ஆட்களிடம் இல்லை, திட்டத்தில்தான் என்பதற்கு இன்னொரு சான்று, லெஸ்டர் வருவதற்கு முன்பே கிடைத்துவிட்டது. சார்லி ஜோன்ஸ் என்ற ஆட்டக்காரர் 2021இல் அயோவாவில் பிடித்த பந்துகள் 21. அடுத்த ஆண்டு பர்டூ பல்கலைக்கழகத்துக்கு மாறினார். அங்கே பிடித்தவை 110, தூரம் 1,361 கஜம். அதே பிக் டென், அதே எதிரணிகள், அதே கைகள். திறமை இங்கே இருந்தது. அதைப் பயன்படுத்தத் திட்டம் இல்லை. "எங்கள் மாநிலத்தில் ஆள் பலம் இவ்வளவுதான், இதைத் தாண்டி ஆசைப்படக்கூடாது" என்று தங்களையே சமாதானப்படுத்திக்கொள்ளும் மூத்த ரசிகர்களுக்கு இந்த ஒரு கணக்கு போதும் என்று நினைக்கிறேன். ஜார்ஜ் கிட்டில், ஹாக்கென்சன், நோவா ஃபன்ட், லபோர்ட்டா என்று பந்து பிடிப்பதிலும் தடுப்பதிலும் வல்ல டைட் எண்டுகளை இதே மைதானம் தேசியத் தொழில்முறை லீக்குக்கு அனுப்பியிருக்கிறது. அப்படிப்பட்ட மண்ணில் கைகளுக்குப் பஞ்சம் என்பதை எப்படி ஏற்பது?

சராசரி என்பது ஏமாற்றும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2024இன் 360 புள்ளிகளில் ஐந்து ஆட்டங்களில் மட்டுமே 200 வந்தது. ஒஹாயோ ஸ்டேட்டிடம் எடுத்தது 7. பந்தை எறியும் ஆட்டம் தேறவே இல்லை. ஆட்டத்துக்கு 130 கஜத்தை ஒட்டித்தான் நின்றது. மூன்று குவார்ட்டர்பேக்குகள் மாறி மாறி ஆடினார்கள். அந்த ஆண்டின் ஐந்து தோல்விகளில் மூன்று மயிரிழையில் வந்தவை: இதே மாநிலத்தின் இன்னொரு கல்லூரி அணியான அயோவா ஸ்டேட்டிடம் ஒரு புள்ளி, யுசிஎல்ஏவிடம் மூன்று, மிசௌரியிடம் மூன்று. எறியும் ஆட்டம் சராசரி அளவுக்கு இருந்திருந்தால் மூன்றில் ஒன்றிரண்டாவது திரும்பியிருக்கும் என்பது மிகையான ஊகம் இல்லை. எட்டு வெற்றி என்ற எண்ணுக்கு உண்மையான விளக்கம் இதுதான்: தாக்குதல் பாதி தேறியது, மறுபாதி அப்படியே நின்றது.

மறுபாதிக்காக வந்திருப்பவர் மார்க் க்ரோனோவ்ஸ்கி. மேலே சொன்ன 7-3 ஆட்டத்தில் எதிரணிக் குவார்ட்டர்பேக் அவர்தான். சவுத் டகோட்டா ஸ்டேட்டுக்காகத் தொடக்க ஆட்டக்காரராக 49 வெற்றி, 6 தோல்வி. இரண்டு தேசியப் பட்டங்கள். 2023இல் அந்தப் பிரிவின் சிறந்த ஆட்டக்காரர் விருது. கீழ்ப்பிரிவுச் சாதனை மேலே செல்லுபடியாகுமா என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். இந்த ஏப்ரலில் தொழில்முறை லீக்கின் முதல் தேர்வாக எடுக்கப்பட்ட கேம் வார்ட், கல்லூரி வாழ்க்கையைத் தொடங்கியது அதே கீழ்ப்பிரிவில். ஆகவே முடியாதது இல்லை. தோள் அறுவைச் சிகிச்சையால் க்ரோனோவ்ஸ்கி வசந்தகாலப் பயிற்சியில் பங்கெடுக்கவில்லை, கேலப் ஜான்சனும் பிட்ஸ்பர்க்கின் தொழில்முறை அணிக்குப் போய்விட்டார் என்பது எனக்கும் கவலை தருகிறது. ஆனால் முன்வரிசையில் லோகன் ஜோன்ஸும் கெனிங்ஸ் டங்கரும் இருக்கிறார்கள். லெஸ்டரின் திட்டத்துக்கு இது இரண்டாம் ஆண்டு. ரசிகர்கள் ஒற்றை ஆளின் தோளில் முழுப் பாரத்தையும் ஏற்றாமல், வரிசையையும் திட்டத்தையும் பார்த்து நம்பினால் அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் கூடுதல்.

ஓராண்டில் எவ்வளவு மாறலாம் என்பதற்கு இந்தியானா பல்கலைக்கழகம் சாட்சி. 2023இல் மூன்றே வெற்றி. புதிய பயிற்சியாளரும் வேறு கல்லூரிகளிலிருந்து மாறி வந்த ஆட்டக்காரர்களும் சேர்ந்ததும் 2024இல் வழக்கமான சீசனில் 12க்கு 11, தேசியப் பட்டத்துக்கான சுற்றிலும் இடம். ஆட்டக்காரர்கள் எளிதாகக் கல்லூரி மாறலாம் என்ற விதி வந்தபின், பொறுமையாக ஐந்து ஆண்டு காத்திருங்கள் என்று ரசிகரிடம் சொல்லும் உரிமை எந்தக் கல்லூரிக்கும் இல்லை.

மென்மையான ஒரு மறுப்பு மிச்சம் இருக்கிறது: இவர்கள் மாணவர்கள்தானே, இருபது வயதுப் பிள்ளைகள் மீது இவ்வளவு எதிர்பார்ப்பைச் சுமத்தலாமா? மாணவனைப் பார்த்துக் கூச்சலிடுவது இழிவு. அதை நான் எந்தக் காரணத்துக்காகவும் நியாயப்படுத்தமாட்டேன். ஆனால் இங்கே கேட்கப்படும் கேள்வி ஆண்டுக்கு எழுபது லட்சம் டாலர் அளவில் ஊதியம் பெறும் தலைமைப் பயிற்சியாளரிடமும் அவரை அமர்த்திய நிர்வாகத்திடமும்தான். இந்த ஜூலை 1 முதல் பல்கலைக்கழகங்களே ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கத் தொடங்கிவிட்டன. ஒரு கல்லூரி ஆண்டுக்கு 2.05 கோடி டாலர்வரை பகிரலாம். இவ்வளவு பணம் புழங்கும் இடத்தில் சராசரித் தாக்குதலைக் கேட்பது கொடுமை ஆகாது. தடுப்பாட்டக்காரர்களும் மாணவர்கள்தான் என்பதை யாரும் நினைப்பதில்லை. ஆண்டுக்கு ஆண்டு முழுச் சுமையையும் அவர்கள் தலையில் ஏற்றி, களைத்த கால்களோடு மறுபடி மறுபடி களத்துக்கு அனுப்பியதில் எங்கே கருணை இருந்தது?

ஆகஸ்ட் 30 அன்று ஆல்பனியுடன் முதல் ஆட்டம். அதன் முடிவை வைத்து எதையும் தீர்மானிக்காதீர்கள். செப்டம்பர் 6 அயோவா ஸ்டேட், 27 இந்தியானா, அக்டோபர் 18 பென் ஸ்டேட், நவம்பர் 8 ஒரிகன். இந்த நான்கு நாட்களிலும் வெற்றி தோல்விக்கு முன்னால் எறிந்து பெற்ற கஜக் கணக்கைப் பாருங்கள். அது 200ஐ ஒட்டி வந்தால் இந்த ஊர் நம்பியது சரி. மறுபடியும் 130இல் நின்றால், கேள்வியை லெஸ்டரோடு நிறுத்தாமல் தலைமைப் பயிற்சியாளரிடமே கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்